தரைத்தளம் யாருக்கு?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. மலருக்காகப் பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தரப்படுகிறது.)



'கட்டடங்களும் நகர வாழ்வும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தது கட்டடக்கலைத் துறை மாணவர் மன்றம். நான் சிவில். ஆர்க்கிடெக்ட் கனவு காண்பான், சிவில்காரன் கம்பிக் கணக்குப் போட்டு அவனை எழுப்பிவிடுவான் என்று நம் கேன்டீனில் ஒரு பேச்சு உண்டு. அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா தெரியவில்லை. (சிரிப்பு) இருக்கிறது போலிருக்கிறது.

தலைப்பு பெரியது, பந்தி நேரமோ நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே நகரம் முழுவதையும் விட்டுவிட்டு, கட்டடத்திலும் ஒரே ஒரு தளத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தரைத்தளம்.

இதற்குக் காரணம் உங்களில் ஒருவர்தான். போன வருஷம் எங்கள் அலுவலகத்துக்குக் கட்டடக்கலை மாணவி ஒருவர் பயிற்சிக்கு வந்திருந்தார். முதல் நாளே ஸைட்டுக்கு அழைத்துப் போனோம். ஆறு வீடுகள் உள்ள சின்ன அடுக்ககம், கீழே முழுக்க ஸ்டில்ட். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் போய், "அண்ணா, இங்க உட்கார எங்க இடம்?" என்று கேட்டார். கால் வலிக்கிறதாக்கும் என்று நினைத்து மேஸ்திரி ஒரு சிமெண்ட் மூட்டையைக் காட்டினார். "இல்லண்ணா, கட்டி முடிச்ச பிறகு?" என்றார் அந்தப் பெண். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் டிராயிங்கைப் பார்த்தேன். தெருவிலிருந்து லிஃப்ட் வரைக்கும், ஒரு மனிதன் உட்கார என்று வரைந்த இடம் ஒரு சதுர அடிகூட அதில் இல்லை. ஆறு கார்களுக்கு மட்டும் கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் கொடுத்திருந்தது.

இங்கே படித்த நாட்களில் கட்டடக்கலைத் துறை நண்பர்கள் காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளை அளந்து வரையப் போனார்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். மூன்று நாள் சாப்பாடு இலவசம் என்பதால் நானும் போனேன். அந்த வீடுகளின் முற்றத்தையும், வளவையும், முட்டை வெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவரையும் நண்பர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். எனக்குப் பிடித்தது முகப்புத் திண்ணை. காரணம் எளிது. மத்தியானம் படுக்க அதுதான் வாகாக இருந்தது.

ஆனால் அளந்து பார்த்தால் அது சும்மா கட்டிய மேடையில்லை என்று புரியும். உட்காருகிறவனின் கால் தரையில் பாவுகிற உயரம். காலை நீட்டிப் படுக்கிற அகலம். சில வீடுகளில் ஒரு முனையில் தலை வைக்கவென்றே சற்று உயர்த்திச் சரித்துக் கட்டியிருப்பார்கள், சிமெண்ட் பூசிய தலையணை மாதிரி. மேலே தாழ்வாரக் கூரை இறங்கி வருவதால் உச்சி வெயில் உள்ளே வராது. மழைச் சாரல் விளிம்போடு நின்றுவிடும். திண்ணை வீட்டுக்காரரின் சொத்துதான், பட்டாவில் அவர் பெயர்தான் இருக்கும். ஆனாலும் வெளியூரிலிருந்து நடந்து வருகிறவர் கேட்காமல் உட்காரலாம். வீட்டுக்குள் இருப்பவர்கள் கதவைத் திறக்கவும் வேண்டாம், யார் என்று விசாரிக்கவும் வேண்டாம். தனக்குச் சொந்தமான இடத்தில் ஒரு பங்கைத் தெருவுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி.

திண்ணையைப் புகழ்கிறபோது ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாரும் எல்லாத் திண்ணையிலும் உட்கார்ந்துவிடவில்லை. திண்ணை இருக்கட்டும், தெருவுக்குள்ளேயே கால் வைக்க முடியாதவர்கள் இருந்தார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள் இருந்தார்கள். ஆகவே 'அந்தக் காலம் பொற்காலம்' என்று நான் பேச வரவில்லை. அப்படி யாராவது பேசினால், திண்ணையில் எந்தப் பக்கம் நின்று பேசுகிறார் என்று கேளுங்கள். நான் சொல்வது அந்த வடிவத்தை மட்டும்தான். அதில் யார் உட்காரலாம் என்பதை இன்றைக்கு நாம்தான் தீர்மானிக்கப் போகிறோம்.

புதுச்சேரியில் தமிழர் பகுதி வீடுகளில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். திண்ணைக்கு வெளியே, மரத்தூண்கள் தாங்க, தெருவை ஒட்டி ஒரு தாழ்வாரம். அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரங்கள் சேர்ந்துகொண்டால், தெருவில் போகிறவன் வெயில் படாமல் நிழலிலேயே நடந்து போகலாம். 2000-களின் தொடக்கத்தில் வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பு ஐரோப்பிய நிதியுதவியோடு வரிசையாகப் பல வீட்டு முகப்புகளைப் புதுப்பித்தது. போனால் பாருங்கள். கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவர் முன்னால் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

சரி, இந்தத் திண்ணை எங்கே போயிற்று? கார் வந்து தின்றுவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் கார் வருவதற்கு முன்பே ரோடு ஒரு வேலையைத் தொடங்கிவிட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் ரோடு உயர்ந்தது, வீடு அப்படியே நின்றது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பக்கம் பழைய தெருக்களில் சில வீடுகளுக்கு முன்பு படி ஏறிப் போனார்கள், இப்போது படி இறங்கிப் போகிறார்கள். திண்ணை தெரு மட்டத்துக்கு வந்துவிட்டது. அதில் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும், பஸ் போனால் சேறு மேலே தெறிக்கும். அப்புறம் எதற்கு என்று இடித்துவிட்டு, காம்பவுண்டுச் சுவர் வைத்து, இரும்புக் கதவு போட்டார்கள்.

பிறகுதான் அடுக்ககம். இங்கே கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன், முதலாண்டு மாணவர்கள் பயப்பட வேண்டாம். ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரண உயரக் கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ.யை 1.5-லிருந்து 2 ஆக்கின. அதாவது ஒரு கிரவுண்டில் 4800 சதுர அடி கட்டிக்கொள்ளலாம். எண்ணூறு சதுர அடியில் ஆறு வீடு. வீடுகளுக்குக் கார் நிறுத்த இடம் காட்ட வேண்டும். ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம், ஏறக்குறைய 135 சதுர அடி. ஆறு வீட்டில் ஒரு வீட்டின் படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. அதில் கணவன், மனைவி, குழந்தை படுக்கிறார்கள். கார் அவர்களைவிடக் கொஞ்சம் காலை நீட்டிப் படுக்கிறது.

கார் நிறுத்தும் ஸ்டில்ட் பரப்பு எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேராது. இதுதான் விஷயத்தின் ஆணிவேர். தரைத்தளத்தில் ஒரு கடையோ, அறையோ கட்டினால் விற்கிற பரப்பில் அது குறையும். காருக்கு விட்டால் ஒன்றும் குறையாது. இப்படி ஒரு விதி இருக்கும்போது எந்தக் கட்டுநர் திண்ணை கட்டுவார்? அவரைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்?

இந்த ஸ்டில்ட் வந்த வழி ஒரு வேடிக்கை. கட்டடத்தைத் தூண்கள் மேல் தூக்கி நிறுத்து, கீழே தரையை விடுவி என்று 1920-களில் சொன்னவர் கார்பூஸியே. நம் சண்டிகருக்கு வடிவம் கொடுத்த அதே மனிதர்தான். தரை மனிதர்கள் நடக்கவும், செடி கொடிகள் வளரவும் வேண்டும் என்றார். ஆனால் பாரிஸ் பக்கத்தில் அவர் கட்டிய புகழ்பெற்ற வில்லா ஸவோயில், தரைத்தளத்துச் சுவரின் வளைவை கார் திரும்புகிற வட்டத்தை வைத்தே தீர்மானித்தார். நாம் அவர் சொன்னதை விட்டுவிட்டு, அவர் செய்ததைப் பிடித்துக்கொண்டோம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கட்டடக்கலை மாணவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சிவில் மாணவர்கள் தூங்கக் கூடாது.

2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை. குஜராத்தில் பூஜ் பகுதியில் பூகம்பம். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கொடியேற்றத்துக்கு நின்றுகொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துச் செய்தித்தாளில் பார்த்த படம் மறக்கவில்லை. பூகம்பத்தின் மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற அகமதாபாத்தில் அடுக்ககங்கள் விழுந்திருந்தன. விழுந்தவற்றில் பல, கீழே காருக்காகத் திறந்து விடப்பட்ட கட்டடங்கள். சிலவற்றில் மேல் மாடிகள் ஏறக்குறைய முழுசாகவே இருந்தன. கீழ்த்தளம் மட்டும் காணோம். முதல் மாடி தரையில் உட்கார்ந்திருந்தது.

ஏன் என்று படிக்கும்போதுதான் புரிந்தது. மேலே ஒவ்வொரு மாடியிலும் தூணுக்கும் தூணுக்கும் இடையே செங்கல் சுவர் அடைத்திருக்கிறது. நாம் கணக்கில் அதை வெறும் பாரமாக எழுதுகிறோம், ஆனால் நிஜத்தில் அந்தச் சுவர்கள் மாடியை ஒரு பெட்டி மாதிரி விறைப்பாக்கிவிடுகின்றன. கீழே வெறும் தூண்கள். பூமி பக்கவாட்டில் அசையும்போது மேல் பெட்டி அசையாமல் ஒரே கட்டியாகப் போகிறது, வளைய வேண்டியதெல்லாம் கீழ்த்தூண்கள் தலையில் விழுகிறது. கனமான பீரோவைக் குச்சிக் கால்களில் நிறுத்திவிட்டுத் தரையை ஆட்டிப் பார்த்தால் எது முதலில் மடங்கும்? அதேதான். இதற்கு மென்தளம் என்று பெயர்.

அதன் பிறகு 2002-ல் ஐ.எஸ். 1893 திருத்தி வெளியானது. சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. திறந்த தளத்தின் தூண்களையும் பீம்களையும் இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னார்கள். 2016 திருத்தம் வேறு வழி காட்டியது. தேர்ந்தெடுத்த தூண் இடைவெளிகளில் கான்கிரீட் சுவரோ, குறுக்குத் தண்டுகளோ கொடு, கீழ்த்தளத்தையும் விறைப்பாக்கு என்றது.

பரீட்சைக்கு இத்தனை வருஷமாக நாம் இதைப் படிக்கிறோம். ஆனால் அந்த மாணவி கேட்ட கேள்விக்குப் பிறகு எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. பூகம்பத்துக்காகக் கீழே ஒன்றிரண்டு இடத்தில் சுவர் வேண்டும். தெருவுக்காகக் கீழே ஒன்றிரண்டு இடத்தில் சாய்ந்து உட்கார ஒரு முதுகு வேண்டும். இரண்டும் ஒரே சுவராக இருந்தால் என்ன? தெருப் பக்கத்துத் தூண்களில் ஓர் இடைவெளியைச் சுவரால் அடைத்து, அதன் முன்னால் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கல் மேடை. பின்னால் வாட்ச்மேனுக்கு ஓர் அறை. எதிர்ப்பக்கத்திலும் சமமாக ஒரு சுவர் வேண்டும், இல்லாவிட்டால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். அது என் கவலை, ஆர்க்கிடெக்ட்டின் கவலை இல்லை. ஆறு காரில் ஒன்று போகும். சில சமயம் அதுகூடப் போகாது, திருப்புகிற இடத்தைக் கொஞ்சம் கவனமாக வரைந்தால் போதும்.

இங்கே எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து நிற்பார் என்று தெரியும். "2015 மறந்துபோச்சா?" என்பார். மறக்கவில்லை. அந்த டிசம்பரில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்றின் கரையோரத்தில் தரைத்தளத்தில் குடியிருந்தவர்கள் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். ஸ்டில்ட் வீடுகளில் இருந்தவர்கள் காரை மட்டும் இழந்தார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அதே கதை, கார்கள் மிதந்ததை டி.வி.யில் பார்த்தோம். தாழ்வான பகுதியில் தரைத்தளத்தில் வீடு வைக்காதே என்று நானே சொல்வேன். ஆனால் வீடு வைக்காமலிருப்பது வேறு, யாரும் இல்லாமலே விட்டுவிடுவது வேறு. வெள்ளம் வந்தால் கல் மேடை நனையும், வடிந்ததும் கழுவிவிட்டு உட்காரலாம். காரை அப்படிக் கழுவி ஓட்ட முடிந்ததா?

சாயங்காலம் ஆறு மணிக்கு எந்த அடுக்ககத் தெருவிலாவது நடந்து பாருங்கள். இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர், இரும்புக் கதவு. கதவுக்குப் பக்கத்தில் வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலி. தெருவில் நடக்கிறவனைப் பார்க்க அந்த ஒரு ஜோடிக் கண்தான் இருக்கிறது. பழைய தெருவில் திண்ணைப் பாட்டி ஒருத்தி போதும், எந்த வீட்டுப் பையன் எத்தனை மணிக்கு யாரோடு வந்தான் என்று ஊருக்கே சொல்லிவிடுவாள். அன்றைக்கு அது தொல்லை. (என் நண்பர்கள் சிலருக்குப் பெரிய தொல்லை.) ஆனால் இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து தனியாக நடந்து வருகிற பெண்ணிடம் கேளுங்கள், காலியான கார் நிறுத்தம் வேண்டுமா, பாட்டி வேண்டுமா என்று. அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் 1961-ல் இதைப் பற்றித்தான் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவர் ஆர்க்கிடெக்ட்டும் இல்லை, இன்ஜினீயரும் இல்லை. அவர் தெருவை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

உணவு கொண்டுவரும் பையன்கள் பைக்கிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். இஸ்திரிக்காரர் தள்ளுவண்டியை மரத்தடியில் நிறுத்தியிருக்கிறார், மரத்தை வெட்டும் வரை. வீட்டு வேலைக்கு வரும் அம்மா அடுத்த வீட்டு நேரம் வரும் வரை நடைபாதை ஓரத்தில் குந்தியிருக்கிறார். இந்த அடுக்ககம் இவர்கள் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஆனாலும் டிராயிங்கில் இவர்கள் யாருக்கும் இடமில்லை.

அந்த ஆறு வீட்டுக் கட்டடத்தின் உரிமையாளரிடம் மேடை யோசனையைச் சொன்னேன். நல்ல மனிதர்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யாராவது வந்து உட்கார்ந்துடுவாங்களே ஸார்?" என்றார். "அதுக்குத்தான் ஸார்" என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு மென்தளம், இரண்டரை மடங்கு எல்லாம் சொல்லி, சுவர் கட்டாயம் வேண்டும் என்றேன். சுவருக்கு ஒத்துக்கொண்டார். மேடைக்கு எட்டு அடி கொடுத்தார். காலையில் கீரைக்கார அம்மா கூடையை இறக்கி வைக்கிறார். மத்தியானம் யாரோ ஒருவர் தூங்குகிறார். மூன்றாம் மாடி ஐயா ஒருவர் சாயங்காலம் லிஃப்டில் இறங்கி வந்து உட்காருகிறார், வீட்டில் டி.வி. சத்தம் தாங்கவில்லையாம். இன்னொரு ஸைட்டில் இதே மாதிரி கட்டிக் கொடுத்தோம். குடிவந்தவர்கள் மூன்றாவது மாதமே அதன் மேல் கூரான கம்பிகளைப் பதித்துவிட்டார்கள். இரண்டும் நடக்கும்.

தி.நகரில் 2019 நவம்பரில் தியாகராய சாலையை நடப்பவர்களுக்காக அகலப்படுத்தித் திறந்தார்கள். பாண்டி பஜாரில் எவன் உட்காருவான் என்று கேலி செய்தவர்கள் உண்டு. சாயங்காலம் போய் ஒரு பெஞ்சில் இடம் பிடித்துக் காட்டுங்கள் பார்க்கலாம். நம் ஜனங்களுக்கு உட்காரத் தெரியாமல் இல்லை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நம் சங்கம் கல்லூரி வாசலில் முன்னாள் மாணவர் இல்லம் கட்ட நிதி திரட்டிவருவது உங்களுக்குத் தெரியும். வரைபடம் இந்த மண்டபத்து வாசலில் ஒட்டியிருக்கிறது. மேலே அறைகள், கூட்ட அரங்கம், எல்லாம் அருமை. கீழே முழுக்க ஸ்டில்ட். அந்தக் கட்டடத்தின் தெருப் பக்கம் நேர் எதிரே பஸ் ஸ்டாப். நம் மாணவர்கள் வெயிலில் நிற்கிற அதே பஸ் ஸ்டாப். நாமும் நின்றதுதான், அன்றைக்கும் நிழல் இல்லை. ஏழு தூண் இடைவெளிகளில் இரண்டை மட்டும் தெருவுக்குக் கொடுங்கள் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு சுவர், முன்னால் நீளமாக ஒரு திண்ணை, ஒரு குடிதண்ணீர்க் குழாய். நான்கு கார் குறையும். அந்த நான்கு கார்க்காரர்கள் யார் என்று இப்போதே கை தூக்கினால் நேரில் பேசிக்கொள்ளலாம். (சிரிப்பு) கட்டமைப்புக் கணக்கு முழுவதையும் என் செலவில் செய்து தருகிறேன். சரிபார்க்க நம் துறைப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள்.

வரைபடத்துக்குப் பக்கத்தில் நூலில் ஒரு பென்சில் கட்டி வைத்திருக்கிறேன். எந்த இரண்டு இடைவெளி என்று பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். மாணவர்கள் சாப்பிடப் போகும் முன் ஒரு குறி போட்டுவிட்டுப் போங்கள். மூன்றாவது இடைவெளியில் மின்மாற்றி வருகிறது, அதை மட்டும் விட்டுவிடுங்கள்.